எழுநூறு குதிரையும் ஒரு சட்டித் தயிரும்

ஆண்களிடம் வயதைக் கேட்டால்கூட உண்மை வரலாம். காரின் குதிரைவலுவைக் கேட்டால் வராது. நானும் அந்தச் சாதிதான் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என்னிடம் டேர்போ பூட்டிய பழைய ஜப்பான் கார் ஒன்று இருந்தது. என்ஜினின் இழுவை தாங்காமல் அதன் ஓட்டோ கியர்பொக்ஸ் கருகிப்போனது. இப்படிப்பட்ட கார்களுக்கென்றே கியர்பொக்ஸைப் பலப்படுத்திக் கட்டித் தருகிற ரிஸ்வி நானாவைத் தேடிக் கலேவெல போனேன். (நானா என்றால் அண்ணன்.)

“எத்தன குதிர தம்பி? சரியாச் சொல்லுங்க, அதப் பாத்துத்தான் கட்டணும். கூட்டிச் சொன்னா பொக்ஸ் முரடாப் போயிரும், கியர் மாறயில தூக்கி அடிக்கும். வீட்டாளுங்கள ஏத்திட்டுப் போவீங்களா, ரேஸ் மட்டுமா?”

உண்மை, முந்நூற்றைம்பது. ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் அப்போதுதான் ‘அறுநூறு’ என்று சொல்லி முடித்திருந்தார். (அவர் எவ்வளவு கூட்டினாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.)

“எழுநூறு நானா. ரேஸ் மட்டுந்தான்.”

நான் ரேஸ் திடலை மிதித்ததேயில்லை. நானா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுநூற்றுக்கே கட்டிக் கொடுத்தார்.

பொக்ஸ் பூட்டிய இரண்டாம் நாள், பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பல்லேபொலயிலிருந்து அவர்களை உக்குவளைக்கு நானே காரில் அழைத்து வருகிறேன் என்று அப்பாவிடம் வீரம் பேசினேன். ஒரே ஒரு தடவை பார்த்துப் பேசியதிலேயே சுகந்தியை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் தாங்கமாட்டேன்.

சுகந்தியும் அவள் அம்மாவும் பின்சீட்டில். அவள் அப்பா, அதாவது என் வருங்கால மாமா, வெள்ளைச் சட்டையோடு முன்சீட்டில், மடியில் எங்கள் வீட்டுக்கென்று வாங்கிய தயிர்ச் சட்டி.

இரண்டாம் கியர் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ இடித்தது போல் ஓர் அடி. மூவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். (சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடிய தலையாட்டல் அல்ல.) மூன்றாம் கியரில் தயிர் சட்டியை விட்டெழும்பி மாமாவின் சட்டையில் அமர்ந்தது.

“நிப்பாட்டுங்க.”

நிறுத்தினேன். முப்பது வருடம் தோட்டத்து லொறி ஓட்டிய மனிதர் அவர்.

“பொக்ஸுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“எழுநூறு குதிரன்னு சொல்லிக் கட்டினேன் மாமா.”

“நெசமா எத்தன?”

“அதுல... பாதி.”

மாமா சட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் போக வந்த மாத்தளை பஸ்ஸுக்குக் கை காட்டினார். அவர் மனைவியும் பின்னாலேயே ஏறினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சுகந்தி இறங்கினாள், இறங்கி, முன்சீட்டில் ஏறி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க போங்கப்பா. மிச்சத் தயிரயாவது கொண்டு போய்ச் சேக்கணும்ல?”

மாமா பஸ் படியில் நின்று முறைத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அதன் பின்னாலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். அவள் வழியெல்லாம் சிரித்தாள். அவ்வளவு வெட்கத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. நானாவிடம் உண்மையைச் சொல்லி பொக்ஸையும் மாற்றிக் கட்டினேன். மாமாதான் மாறவில்லை. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் பாதியாக்கித்தான் காதில் வாங்குவார்.

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, “மூன்றரைக் கிலோ மாமா!” என்று கத்தினேன்.

 மாமா பதறிப்போய்க் கேட்டார்:

“ஒன்னேமுக்காதானா? புள்ளைய கண்ணாடிப் பெட்டியிலயா வச்சிருக்காங்க, மருமகனே?”

மகளுக்கு இப்போது ஏழு வயது. வீட்டில் அவளை ‘ஒன்னேமுக்கா’ என்றுதான் கூப்பிடுகிறோம்.