டாக்டர் ஸ்டோப்பின் மறைவறையில் நிகழ்ந்த பெரும்போர்

வாழ்க ஹன்னிபால் டிரெகென்சா! மெழுகுநூல் வேந்தர், வார்த்தோல் வல்லவர், சுத்தியல் ஏந்திய செங்கையர், நியூ ரெட்ரூத் ஊரின் பாதங்களையெல்லாம் பனியினின்றும் பாறையினின்றும் காத்த பூட்ஸ் தைக்கும் பெருமகனார் வாழ்க! தோலையும் ஆணியையும் ஆளும் தெய்வங்களே, விக்டோரியாக் குடியேற்ற நாட்டின் தங்கச் சுரங்க ஊர்களிலெல்லாம் சேற்றில் முதன்மை பெற்ற அவ்வூரில், ஈட்டியின்றி, இரத்தமின்றி, இருந்த பெஞ்சை விட்டு எழுந்திருத்தலுமின்றி நிகழ்ந்த மாபெரும் சமரை உரைக்கப் புகுந்த இந்தப் பேனா வழுக்காமல் காத்தருளுங்கள்.

டிரெகென்சா அஞ்சாநெஞ்சர். குடித்துவிட்டுக் கடைக்குள் புகுந்த சுரங்கத்து முரடனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தெருவில் விட்ட திண்தோளர். ஆயினும் ரொட்டிக்கடை நடத்தும் விதவை லவ்டே பென்கெல்லி அம்மாள் குங்குமப்பூ ரொட்டி மணக்க மணக்கத் தெருமுனையில் தோன்றினால் போதும், கழுத்தில் கிளம்பிய செம்மை கன்னத்தைக் கைப்பற்றிக் காதுமடலில் கொடி நாட்டும். நா மேலண்ணத்தில் சரணடையும். அந்த அவமானத்தை மறைக்க நம் வீரர் வகுத்த வியூகமோ அபாரம். அம்மாளின் காலடி கேட்டதும் ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். வாய் நிறைய ஆணி வைத்திருப்பவரிடம் யார்தான் பதில் எதிர்பார்ப்பார்கள்? அம்மாள் மழையைப் பற்றிப் பேசுவார், மாவு விலையைப் பற்றிப் பேசுவார். இவர் ஆணியோடு தலையாட்டுவார். இரண்டு வருடக் காதல் இந்த லட்சணத்தில்தான் வளர்ந்தது.

அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுத் தேநீர் விருந்தில் பேரிடி ஒன்று விழுந்தது. கோப்பையை வைத்துவிட்டு அம்மாள் சொன்னார்:

"தங்கச்சி அவ ஊருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வெள்ளிக்கிழமை ரயில்ல ஒரேயடியா அங்க போயிடலாம்னு இருக்கேன். இருன்னு சொல்ல யாராவது இருந்தா, இருக்கலாம்."

சொல்லும்போது அவர் பார்வை டிரெகென்சாவின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு கசாப்புக்கடை ஜேபஸ் ஹாஸ்கிங்கின் மேலும் ஒரு கணம் நின்றது. அங்கேதான் வினை முளைத்தது. எருதைத் தனியாளாய்ச் சாய்க்கும் ஹாஸ்கிங்கும் இந்த அம்மாளுக்கு முன்னால் தன் கடையில் தொங்கும் தொடைக்கறிபோல் சிவந்து ஊமையாகி நிற்பவரே. இரு மலைகளும் அன்று வாய் திறக்கவில்லை. ரொட்டித்துண்டை மட்டும் மென்றன.

இந்த இருளில் உதித்த விடிவெள்ளிதான் டாக்டர் லாரிமர் ஸ்டோப். மாதம் ஒருமுறை, ஒரு வியாழக்கிழமை, மெல்பர்னிலிருந்து ரயிலேறி வந்து, சத்திர மாடியில் வைத்தியம் பார்த்துவிட்டு மாலை ரயிலில் மறையும் மகான். ஊர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுவதும் அவர் முரசம் முழங்கும்: "நாணம், நாத்தடை, முகச்சிவப்பு, முழங்கால் நடுக்கம், மாதர்முன் மதிமயக்கம் யாவும் அரேபிய வீரிய ரசாயனத்தால் அகலும்! மணம் நாடுவோர் மணத்துக்கு முன் எம்மை நாடுக! மறைவு உறுதி!" ரசாயனம் கறுப்பாக இருக்கும், அதிமதுரமும் துருவும் கலந்தாற்போல் நாறும். குடித்தவர் எவரும் குணமானதாகச் சொன்னதில்லை. குடித்ததாகவே யாரும் சொல்லாதபோது குணமானதை எப்படிச் சொல்வார்கள்?

மறைவு உறுதி என்றது மட்டும் சத்தியவாக்கு. சத்திர மாடியில் பலகை அடித்த சிறு மறைவறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெஞ்சு, முன்னால் கனத்த பச்சைத் திரை. பெயர் கேட்பதில்லை, முகம் பார்ப்பதில்லை. மணி அடித்ததும் அடுத்தவர் தானே எழுந்து டாக்டரிடம் போய், பின்படி வழியாக இறங்கிவிட வேண்டும். ஒரே ஒரு குறை, தடுப்புப் பலகை தரையைத் தொடவில்லை. கூட்டுவதற்கு வசதியாகத் தச்சர் ஒரு சாண் விட்டிருந்தார்.

அந்த ஒரு சாணில் விதி நுழைந்தது.

வியாழன் பகல், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுப் படியேறிய டிரெகென்சா ஓர் அறையில் புகுந்து அமர்ந்து, நாளை அம்மாளிடம் தாம் பொழியப்போகும் பேச்சை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் திரை சரசரத்தது. பெஞ்சு முனகியது. பலகைக்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நிலைகொண்டது. ஊரில் முகங்களை மறந்தாலும் பாதங்களை மறவாத நம் பெருமகனார் குனிந்து நோக்கினார். நோக்கியதும் குருதி உறைந்தது. இடக்காலை இழுத்து நடப்பவருக்கென்று தாமே அடித்துக் கொடுத்த பிறைவடிவ இரும்பு அந்த இடக்குதிகாலில் பளபளத்தது. ஹாஸ்கிங்! அதே நொடியில் அந்த பூட்ஸும் திடுக்கிட்டு அரை அங்குலம் பின்வாங்கியது. ஊரிலேயே கண்ணாடிபோல் மின்னும் இந்தப் பக்கத்து பூட்ஸ் யாருடையது என்று அதற்கும் தெரியாதா என்ன?

மூண்டது போர். முதலில் எழுந்து டாக்டரிடம் போகிறவரை அவருடைய பூட்ஸ் ஓசையே மற்றவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். போனால், பெண்ணிடம் பேச மருந்து குடிக்கிறவர் என்ற பட்டம் அந்தி சாய்வதற்குள் அம்மாளின் காதுக்குப் போய்விடும். மணி அடித்தது. டிரெகென்சா அசையவில்லை. பூட்ஸும் அசையவில்லை. மீண்டும் மணி அடித்தது. கோட்டைக்கு உள்ளிருப்பவரும் வெளியிருப்பவரும் ஒருங்கே பட்டினி கிடக்கும் முற்றுகைபோல் இருவரும் கிடந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக மருந்தோடு இறங்கிப் போனார்கள். நம் வீரருக்குக் கால் மரத்தது, மூக்கு அரித்தது, அரித்த மூக்கைச் சொறிந்தால் தோல்வியாகுமோ என்று சொறியவில்லை. எதிரியின் பூட்ஸோ இமயம்போல் இம்மியும் பிசகாமல் நின்றது. கசாப்புக்காரருக்கு இத்தனை நெஞ்சுரமா என்று டிரெகென்சாவே உள்ளுக்குள் வியந்தார்.

பகலெல்லாம் கொட்டிய மழை வெளியே இன்னும் வலுத்தது. கடைசியில், எந்த மருந்தும் செய்யாததைக் கோபம் செய்தது. மேலண்ணத்தில் ஒட்டியிருந்த நா விடுபட்டது. தடுப்புப் பலகையை நோக்கி, அதற்குக் கீழிருந்த பூட்ஸை நோக்கி, ஹன்னிபால் டிரெகென்சா தம் வாழ்நாளின் மகா பிரகடனத்தை முழங்கினார்:

"ஓய் ஹாஸ்கிங், நீர் அங்க இருக்கிறது எனக்குத் தெரியும். கேட்டுக்கும். அந்தம்மாவை நான் ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். அவங்க சிரிச்சா கடைக்குள்ள விளக்கேத்தின மாதிரி இருக்கு. அவங்க ரயிலேறிட்டா இந்த ஊர்ல எனக்கு ஒண்ணுமே இல்லை. நாளைக்கு நான் கேக்கத்தான் போறேன். உம்மால ஆனதைப் பாரும்."

நடுங்காத குரல், சிவக்காத முகம். தம் வாயிலிருந்தா இவை வந்தன என்று அவருக்கே கண்ணீர் முட்டியது. எதிர்முகாமில் மௌனம். வென்றோம், எதிரி வாயடைத்தான் என்று நெஞ்சு நிமிர்ந்த அந்த வேளையில், டாக்டரின் பணியாள் கிரெப்ஸ் துடைப்பத்தோடு வந்து, டாக்டர் ரயிலுக்குப் போய்விட்டார் என்று சொல்லித் திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பக்கத்து அறைத் திரையும் விலகியது. அங்கே பெஞ்சு இருந்தது. பெஞ்சின் கீழே நாடா தளர்த்தப்பட்ட பூட்ஸ் இருந்தது. பூட்ஸுக்கு மேலே யாரும் இல்லை.

"அவரா? வந்த கொஞ்ச நேரத்துலயே போயிட்டாரே," என்றார் கிரெப்ஸ். "டாக்டரைக்கூடப் பாக்கலை. 'பக்கத்துல இருக்கிறவர் இங்க உக்காந்திருக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம்'னு என் காதோட சொல்லிட்டு, சாக்ஸோட பின்படியில இறங்கி ஓடினார். அது சரி, நீங்க இப்ப யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?"

பதில் சொல்ல வீரர் அங்கே இல்லை. பகைவரின் பூட்ஸைக் கையில் பற்றிக்கொண்டு, சேறு தெறிக்க, மழையைக் கிழித்துக்கொண்டு, சுரங்கத்து வண்டிகளையும் வாத்துக்கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு, பிரகடனம் இன்னும் சூடாறாத நாவோடு அவர் ரொட்டிக்கடையை நோக்கிப் பாய்ந்தார். இன்னொரு முறை, ஒரே ஒரு முறை அதைச் சொல்லிவிட்டால் போதும். கதவைத் தள்ளினார்.

அடுப்புக்கு முன்னால் ஹாஸ்கிங் அமர்ந்திருந்தார். கம்பியில் அவருடைய சேற்றுக் காலுறைகள் ஆவி பறக்கக் காய்ந்துகொண்டிருந்தன. கையில் குங்குமப்பூ ரொட்டி, முகத்தில் பச்சைப்பிள்ளையின் திகைப்பு. கொட்டும் மழையில் பூட்ஸில்லாமல் ஓடிவந்து, மூச்சிரைக்க, "போவாதீங்க" என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்ன மனிதரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அம்மாளின் கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. மூலையில் கட்டிவைத்த பயணப்பெட்டியின் கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. ஹன்னிபால் டிரெகென்சா வாயைத் திறந்தார். கழுத்திலிருந்து செம்மை படையெடுத்தது.

"அடடே, ஜேபஸோட பூட்ஸைக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார் அம்மாள் அன்போடு. "ரொம்ப நல்லதாப் போச்சு மிஸ்டர் டிரெகென்சா. ஒரே சேறா இருக்கு, வாசல்லயே வச்சிடுங்க."

டிரெகென்சா பூட்ஸை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.