துரத்தி வந்த நாற்காலிகள்

மனைவியின் வாயாலேயே "நாற்காலி வாங்கலாம்" என்று சொல்ல வைப்பதாகப் பூட்டுக்காரர் ஒரு புதன்கிழமை சபதம் எடுத்தார். கெஞ்சிப் பார்த்தாயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியும் பார்த்தாயிற்று. மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தால் அரை மணி நேரம் பாயில்தான் தூக்கம். கூடத்து ஜன்னல் மூலையில் கால் நீட்டிச் சாயும் நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டால் மிச்ச ஆயுளை அதிலேயே ஓட்டிவிடலாம் என்பது அவர் ஆசை.

மனைவிக்கோ அந்த மூலையில் தையல் மேஜை வேண்டும். வெளிச்சம் அங்கேதான் விழுகிறதாம். அந்த அம்மாளுக்குப் பல் டாக்டரிடம் காலையும் மாலையும் வரவேற்பில் வேலை. தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பதாகச் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே ஒரு வேளையைக் கழித்துவிடுவார். அவரிடம் முனகல் எடுபடுமா?

வழி காட்டியவர் பக்கத்துச் செல்போன் கடைக்காரர்.

"நீங்க ஒரு கடையோட பக்கத்தைத் திறந்தா, இவர் நாற்காலி பார்த்தவர்னு உங்க மெஷின்லயே ஒரு சீட்டு எழுதிப் போட்டுருவாங்க. அப்புறம் எங்க போனாலும் அதைப் பார்த்துட்டு நாற்காலியாவே காட்டுவாங்க. அதுக்குப் பேருதான் குக்கீ."

யாரைக் கேட்டு என் வீட்டுக்குள் சீட்டுப் போடுகிறான் என்று பூட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. பத்து வினாடிதான். அந்தச் சீட்டு மனைவியின் லேப்டாப்பில் விழுந்தால் என்ன என்று தோன்றியதும் கோபம் போன இடம் தெரியவில்லை. பூட்டை உடைக்காமல் திறக்க வேண்டும், திறந்தது பூட்டுக்கே தெரியக் கூடாது என்று தன் தொழிலைப் பற்றிப் பெருமையடிப்பவர் அவர். இதுவும் அதே வேலைதான்.

மனைவி குளிக்கப் போகும்போதெல்லாம் லேப்டாப்பைத் திறந்தார். பதினேழு நாற்காலிகளைப் பார்த்தார். "குக்கீயை ஏற்கிறீர்களா" என்று எங்கெல்லாம் கேட்டதோ அங்கெல்லாம் ஏற்றுக்கொண்டார். கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு உற்சாகமாகத் தலையாட்டியதில்லை.

பலன் உடனே தெரிந்தது. மனைவி தொடர்கதை படித்தால் நடுவே நாற்காலி. மழை வருமா என்று பார்த்தால், மழைக்குப் பக்கத்தில் ஒருவர் கால் நீட்டிக் கிடந்தார்.

"ஏங்க, எதைத் திறந்தாலும் ஒரு நாற்காலி வந்து நிக்குது."

"அப்படியா?" என்றார் பூட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு."

பூட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரு வாரம் போதும் என்று நினைத்தார்.

அந்த வாரத்தில்தான் அவருடைய போனில் தையல் மேஜைகள் வரத் தொடங்கின. மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தால் தையல் மேஜை. செய்தியில் மந்திரி பேசினால் அவர் தலைக்கு மேலே தையல் மேஜை. குறிப்பாகப் பச்சை நிறத்தில் ஒன்று அவரை விடவே இல்லை. அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அந்தப் போன் அவர் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும். ஆகவே இது குக்கீ வேலையாக இருக்க முடியாது. உலகமே தையல் மேஜை வாங்குகிறது, நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று முடிவுக்கு வந்தார்.

பத்தாம் நாள் மனைவி தரையில் குனிந்து ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்தார். பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. மேஜையை முதலில் கொடுத்தால் குளிர்ந்துபோய் நாற்காலிக்கும் சம்மதிப்பாள், மேஜையைப் படுக்கையறையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. பச்சை மேஜையை ரகசியமாக ஆர்டர் செய்தார்.

மேஜை வந்தது. கொண்டுவந்தவர்களை மனைவி நேரே ஜன்னல் மூலைக்குக் கூட்டிப்போனார். மேஜை அங்கே ஒரு விரல் இடம்கூட மிஞ்சாமல் உட்கார்ந்தது.

"எப்படி இவ்வளவு கச்சிதமா இருக்கு?"

"அளந்து பார்த்துட்டுதானே தேடினேன்."

"எதுல தேடின?"

"உங்க போன்ல."

"அது என் கட்டைவிரல் இல்லாம திறக்காதே."

"மதியம் நீங்க குறட்டை விடும்போது அந்த விரல் சும்மாதானே கிடக்கு," என்றார் மனைவி, மேஜையைத் துடைத்துக்கொண்டே. "நாற்காலி ஏன் துரத்துதுன்னு மூணாவது நாளே செல்போன் கடை அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். பூட்டு உடையாம திறக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

பூட்டுக்காரர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "நாற்காலி நல்லாத்தான் இருக்குன்னு சொன்னியே."

"இப்பவும் சொல்றேன். ஆனா போட இடம் ஏது?"

ஜன்னல் வெளிச்சத்தில் மனைவியின் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பாடும் அன்றைக்கு ஒரு படி தூக்கலாகவே இருந்தது. வழக்கம்போலப் பாயை விரித்தார். முன்னெச்சரிக்கையாக வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

போனில் இடது கட்டைவிரலையும் பதிவு செய்து வைத்திருந்தது அவருக்கு மறந்துவிட்டது. மனைவிக்கு மறக்கவில்லை.