கண்டக்டர் கொடுத்த இடம்

பிளாஸ்க் மூடியில்லாமல் இருந்தது. அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

மேடையின் பின்வரிசையில் மாணவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேர் முன்னால் பாசூன் அக்கா. பாசூன் என்பது கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கு ஒரு மரக்குழல். அதை ஊத வேண்டாத நேரங்களில் அக்கா குனிந்து, நாற்காலிக்குக் கீழே இருந்த பிளாஸ்க்கை எடுத்து ஒரு மிடறு காபி குடிப்பார். மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்தபடியே கீழே வைத்துவிடுவார். காலைக் கொஞ்சம் நீட்டினால் போதும், மேடை முழுக்கக் காபி.

மாணவிக்கு அந்த நாடும் புதிது, இசைக்குழுவும் புதிது. அவளுக்குத் தரப்பட்ட வேலை ஒன்றுதான். ஒரு நாள் முழுக்க ஜால்ராக்காரரின் நிழலாக இருக்க வேண்டும். காலையில் ஒத்திகை, மாலையில் கச்சேரி. மாலைக்குள், கோலசைத்துக் குழுவை நடத்தும் கண்டக்டருக்கு அவளைப் பிடித்துப்போனால் ஓராண்டு பயிற்சிக்கு இடம். பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமாவின் ஆபீசில் வேலை. மாமா அவளுக்கு நாற்காலியே பார்த்து வைத்துவிட்டார்.

"நிழல்னா நிழல்தான். சும்மா உட்கார்ந்து பார்க்கணும். எதையும் தொடக் கூடாது" என்று மேடை மேலாளர் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

அம்மா வேறு மாதிரி சொல்லி அனுப்பியிருந்தாள். "நாலு பேர் வேலை செய்யற இடத்துல கையைக் கட்டிக்கிட்டு உட்காராதே. சோம்பேறின்னு நினைச்சுப்பாங்க. எதையாவது எடுத்துக் குடு, திறந்து கிடந்தா மூடி வை."

ஜால்ரா என்றால் பஜனை ஜால்ரா இல்லை. ஒவ்வொன்றும் அண்டா மூடி அளவு. மாமாவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வழியனுப்ப வந்தவர், "ஜால்ரா அடிக்கக் கத்துக்க எதுக்கும்மா விமானம் ஏறணும்? எங்க ஆபீசுல நானே கத்துக் குடுப்பேனே. பிரமோஷனும் உண்டு" என்றார்.

மேலாளரின் பேச்சுக்கும் அம்மாவின் பேச்சுக்கும் நடுவில் மாணவி கொஞ்ச நேரம் தவித்தாள். பிறகு மெல்லக் குனிந்து, சத்தமில்லாமல் பிளாஸ்க்கை மூடினாள்.

பக்கத்து வரிசையில் நீட்டி மடக்கும் பித்தளைக் குழாயோடு இருந்த டிராம்போன்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை கண் செருகி உட்கார்ந்திருந்த ஜால்ராக்காரர் விருட்டென்று எழுந்தார். மேடையின் முன்னால் கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். வயலின்கள் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், ஜால்ராக்காரர் இரண்டு அண்டா மூடிகளையும் ஓங்கி மோதினார்.

எல்லாம் நின்றுபோயிற்று. கண்டக்டர் கைக்குட்டையும் கையுமாக நின்றார். முன்னாலிருந்த இசைத்தாளை முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார். யாரையும் திட்டவில்லை.

"எல்லாரும் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்றார் கடைசியில்.

நடைவழியில் மாணவி ஜால்ராக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எண்ணிக்கை தப்பிடுச்சா சார்?"

"எண்ணிக்கையா?" அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு அடி. அதுக்குப் போய் எவனாவது எண்ணுவானா? பைத்தியம் பிடிச்சிடும்மா. டிராம்போன் கண்ணாடியைக் கழட்டுவான், நான் எழுந்திருப்பேன். எழுந்து, ஒரு மூச்சு விட்டு, அடிப்பேன். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் பாவி காலை வாரிட்டான்."

"எங்க காலேஜ்ல எண்ணலைன்னா வெளிய நிக்கவெச்சிடுவாங்க சார்."

"அது படிக்கிறவங்க செய்யற வேலை. நாங்க சம்பளம் வாங்கறவங்க."

டிராம்போன்காரர் காபி மெஷினுக்குப் பக்கத்தில் அதே கோபத்தில் இருந்தார். "என்மேல என்ன தப்பு? அக்கா பிளாஸ்க்கை மூடினா என் முறை வரப்போகுதுன்னு அர்த்தம். கண்ணாடியோட ஊதினா மூக்கை அழுத்துது. பார்த்தேன், மூடியிருந்துது. கழட்டினேன்."

"நான் மூடவே இல்லையே" என்றார் பாசூன் அக்கா. "கண்டக்டர் கைக்குட்டையை எடுத்தாத்தான் நான் காபியை மூடி வெச்சிட்டுக் குழலை எடுப்பேன். அதுக்கு முன்னாடி நான் எதுக்கு மூடறேன்?"

மாணவி ஓர் அடி முன்னால் வந்தாள். "மூடினது நான்தான்க்கா."

"உன்னை யாரும்மா மூடச் சொன்னா?"

"அம்மா."

அக்கா பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

செய்த தப்பை ஈடுகட்டாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "குடுங்கக்கா, சாயங்காலத்துக்குக் கழுவியாவது தரேன்" என்று பிளாஸ்க்கை ஏறக்குறைய பிடுங்கிக்கொண்டு போனாள். அழுந்தத் தேய்த்துக் கழுவினாள். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் நழுவி, கழுவும் தொட்டியின் ஓட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எப்படித் திருகினாலும் பிளாஸ்க் ஒழுகியது.

"ஒழுகற சாமான் மேடைக்கு வரக் கூடாது" என்றார் மேலாளர். அக்காவுக்கு ஒரு காகிதக் கோப்பை கிடைத்தது.

டிராம்போன்காரரிடம் பிளாஸ்க் வராத விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று மாணவி ஓடினாள். அதற்குள் எல்லோரும் மேடையேற வரிசையில் நின்றுவிட்டார்கள். அவள் வாயைத் திறந்ததும் மேலாளர் உதட்டில் விரலை வைத்தார். "நிழல் பேசாது."

அந்த நேரம் பார்த்து மாமா போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, கண்டக்டர் இடம் குடுத்தாரா, இல்ல நின்னுக்கிட்டேதான் வரணுமா?"

"மாமா, இவர் பஸ் கண்டக்டர் இல்ல."

"எந்தக் கண்டக்டரா இருந்தா என்ன, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

கச்சேரி நன்றாகத்தான் தொடங்கியது. கறுப்பு உடையில் மாணவி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. காலேஜ் பழக்கம், ஜால்ராக்காரரின் இசைத்தாளைப் பார்த்து மடிமேல் விரல்கணுக்களில் எண்ணிக்கொண்டே போனது. அந்த இடம் நெருங்க நெருங்க அவளுக்கு வியர்த்தது.

டிராம்போன்காரர் கழுத்தை வளைத்து அக்காவின் நாற்காலிக்கடியில் தேடினார். காகிதக் கோப்பை இருந்தது. அதற்கு ஏது மூடி? கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. ஜால்ராக்காரர் அரைக்கண்ணால் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டரோ நிமிஷத்துக்கு ஒருமுறை இவர்கள் பக்கம் பார்த்தார். தன்னைத்தான் முறைக்கிறார் என்று மாணவிக்குப் புரிந்துபோனது. அவர் கையிலிருந்த கோல் வழி தெரியாதவர்போல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மாணவி டிராம்போன்காரரைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றுவதுபோல் சாடை காட்டினாள். அவர் கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று நினைத்து, கழற்றாமலே துடைத்து, மூக்கில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். ஜால்ராக்காரரின் நாற்காலியைக் காலால் தட்டினாள். அவர் மரியாதையாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

விரல்கணு முடிந்துவிட்டது. மாணவி எழுந்து நின்றாள்.

அத்தனை பெரிய அரங்கத்தில், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாமல் நின்றாள்.

நிழலே எழுந்த பிறகு ஆள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஜால்ராக்காரரும் பதறி எழுந்தார். கண்டக்டர் கைக்குட்டையை எடுத்தார். அக்கா கோப்பையை வைத்துவிட்டுக் குழலைத் தூக்கினார். டிராம்போன்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றினார். குழு முழுவதும் ஒன்றாகப் பொங்கி எழ, ஜால்ரா விழவேண்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் விழுந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

"கண்டக்டர் உன்னைக் கூப்பிடறார்" என்றார் மேலாளர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

மாணவி மாமாவின் ஆபீஸ் நாற்காலியை நினைத்துக்கொண்டே போனாள். கண்டக்டர் தன் அறையில் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடையில எழுந்து நின்னது நீதானே?"

"மன்னிச்சுக்குங்க சார். சும்மா இருக்கச் சொன்னாங்க. என்னால முடியல."

"அந்த இடம் வந்தாச்சுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எண்ணினேன் சார்."

"எண்ணினியா?" அந்தச் சொல்லை எங்கோ சின்ன வயதில் கேட்டதுபோல் அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி. வர்ற மாசத்திலிருந்து சேர்ந்துக்கோ. அதே நாற்காலி. அந்த இடம் வந்ததும் இன்னைக்கு மாதிரியே எழுந்து நின்னுடு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

நின்றதால்தான் உட்கார இடம் கிடைத்தது என்று மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கதவுவரை போனவள் திரும்பினாள். காலையிலிருந்து தொண்டையில் நின்ற சந்தேகம்.

"சார், எல்லாரும் உங்க கைக்குட்டையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. அதை எடுக்கிற நேரம் உங்களுக்கு எப்படித் தெரியுது?"

கண்டக்டர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிடாதே. ஜால்ராக்காரர் எழுந்திருப்பார் இல்ல, அதைப் பார்த்துத்தான்."