சென்னைக்கு மட்டும் கேட்கவில்லை

காதில் ஹெட்போன் மாட்டிய மனிதருக்குச் சுற்றியிருப்பவர்கள் எல்லாருமே செவிடாகிவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. ஒரு டாக்டருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை.

அப்போது பேராவூரணியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். சர்க்கரை நோயைப் பற்றிப் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பேராசிரியர், கிராமத்து டாக்டர்களுக்காக இணையத்தில் வகுப்பு தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் பாடம். முடிவில் ஒவ்வொருவரும் தம் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசினால் சான்றிதழ். (கிளினிக் போர்டில் என் பட்டத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டே பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை.)

நான் தேர்ந்தெடுத்த நோயாளி ஜமால் பாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்வீட் ஸ்டால் வைத்திருப்பவர். முட்டிவலி என்று வந்தவரின் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம்.

"டாக்டரம்மா, யார்ட்டயும் சொல்லிடாதீங்க. வீட்ல தெரிஞ்சா என்னைய அடுப்படிப் பக்கமே விடமாட்டாங்க. பாகு பதத்தை யாரு பாக்குறது?"

ஒவ்வொரு அடுப்பிலும் முதல் விள்ளல் அவர் நாக்கில் பட்ட பிறகுதான் இனிப்பு தட்டுக்கு வரும். சத்தியம் செய்துகொடுத்தேன். ஆனால் மனிதர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. புண் பெரிதாகிக்கொண்டே போனது. கால்விரலை எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால்தான் பேராசிரியரிடம் வழி கேட்கலாம் என்று நினைத்தேன்.

ஊரில் இருந்த ஒரே பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்பு வைத்து வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை. அன்று மாலை அங்கே இருக்கிற கணவன்மாரின் முகம் பார்க்க வந்த பெண்களால் இடம் நிரம்பி வழியும். நடுவில் நான் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தேன். (எதற்கு ஸ்டெதஸ்கோப்? கேமராவில் தெரியத்தான்.)

என் முறை வந்தது. லைன் இழுத்து இழுத்து வந்தது.

"ஹலோ சார், கேக்குதா சார்?" என்று கத்தினேன். பேராசிரியர் காதருகே கையைக் குவித்துக் காட்டினார். இன்னும் கத்தினேன்.

நோயாளியின் பெயரைச் சொல்லவே கூடாது என்பதில் கறாராக இருந்தேன். அந்தக் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே பெருமை. எனவே, "நோயாளி ஸ்வீட் ஸ்டால் ஓனர், சார்! பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை! இடது காலில் கட்டு! மனைவிக்குப் பயந்து மாத்திரையைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்! பதம் பார்க்கிறேன் என்று அல்வாவாகச் சாப்பிடுகிறார்!" என்று முழங்கினேன். ஊரில் அந்த லட்சணத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான் என்பது என் படித்த மூளைக்கு எட்டவில்லை.

பேராசிரியர் பொறுமையாகச் சொன்னார்: "டாக்டர், ஒண்ணுமே கேக்கல. மறுபடி சொல்றீங்களா?"

ஹெட்போனைக் கழற்றினேன். எல்லாத் தலைகளும் தடுப்புக்கு மேலே எழுந்து என்னையே பார்த்தன. அடுத்த தடுப்பில் இருந்தவள் நசீமா, ஜமால் பாயின் மருமகள். அவள் கம்ப்யூட்டரிலிருந்து ஷார்ஜாவில் இருக்கும் அவள் கணவனின், அதாவது பாயின் மகனின், குரல் கணீரென்று வந்தது:

"அத்தாவுக்கா சுகரு? டாக்டர் சொன்னது எனக்கே நல்லா கேட்டுச்சே!"

பேராசிரியரிடம், "லைன் சரியில்லை சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். ஜமால் பாயை எச்சரித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அதற்குள் ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்கு போன் போய்விட்டது. நான் கடையை அடைந்தபோது கல்லாவில் அவர் மனைவி ஜுபைதா உட்கார்ந்திருந்தார். ஜமால் பாய் ஓரத்தில் ஸ்டூலில், கையில் தண்ணீர் டம்ளரோடு.

"வாங்க டாக்டரம்மா. இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கணுமா, பின்னாடியா?" என்றார் ஜுபைதா. கையில் அந்தக் கல்லாப்பெட்டி மாத்திரை.

ஜமால் பாய் என்னைப் பார்க்கவில்லை. "உங்கள நம்பித்தானேம்மா சொன்னேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பான மாலையில் எனக்குச் சிரிப்பே வராத இடம் அது ஒன்றுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிருங்க பாய்" என்றேன்.

பாய் நிமிர்ந்தார். "மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும். என் நாக்கு வேலைய இனிமே யாரு பாக்குறது? நீங்களே பாருங்க!"

தண்டனை அன்றே அமலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் முதல் ஈடு அல்வா கிளினிக்குக்கு வரும். நான் தின்று பார்த்து, பதம் சரியா என்று சொல்லியனுப்ப வேண்டும். ஜுபைதாவின் காவலில் மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போனது. பாய் அல்வாவில் கை வைத்தால் பஸ் கண்டக்டர்கூட அதட்டினார். மெல்ல மெல்லப் புண் ஆறியது, விரலும் தப்பியது. சான்றிதழ் வரவில்லை. போர்டில் அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர், "ஹெட்போனைக் கழட்டிட்டுப் பேசும்மா" என்பார்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, வந்த அல்வாவைத் தொடாமல் திருப்பி அனுப்பினேன். வயிறு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். என் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது. கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வழியாக வந்தேன். கடை வாசலில் ஜமால் பாய் நின்றிருந்தார். நான் திருப்பி அனுப்பிய அல்வாப் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஹெட்போன் மாதிரி காதில் பொத்திக்கொண்டு, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"நோயாளி பேரு சொல்லமாட்டேன்! ஊருக்கே ஊசி போடுற டாக்டரு! சார், கேக்குதா சார்?"