இராயப்பரின் குறைகளை நான் வாசித்த நாள்

மேடையில் பேசவே கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் என் பெயரை முதலாவதாகப் போடலாம். தன்னடக்கத்தில் சொல்லவில்லை. பருத்தித்துறைப் பக்கம் எங்கள் ஊரில் இதற்கு ஒரு கோயில் நிறையச் சாட்சி இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படித்து முடித்திருந்தேன். (உலகத்துக்கு அறிவூட்டும் பொறுப்பு நம் தலையில் விழுந்துவிட்டதாக நினைக்கும் வயது.) இராயப்பர் திருநாளன்று பூசை முடிந்ததும் பத்து நிமிடம் பேசும்படி பங்குத்தந்தை கேட்டார். படித்தவர்கள் பேதுரு என்று சொல்லும் அப்போஸ்தலர்தான் எங்கள் கடற்கரையில் இராயப்பர். நான் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.

முன்வரிசை வாங்கில் சித்தியோடு என் சித்தப்பா இருந்தார். அவர் பெயரும் இராயப்பு. மூன்று தடவை கள்ளை விடுவதாகச் சத்தியம் செய்து, மூன்று தடவையும் கோட்டை விட்டவர். இந்தமுறை ஏழு வாரம் தாக்குப்பிடித்திருந்தார். அதனால் திருநாள் ஊர்வலத்தில் இராயப்பர் சுரூபத்தைத் தோளில் தூக்கும் ஆட்களில் அவரையும் சேர்த்திருந்தார்கள். சித்தி அவருடைய வெள்ளைச் சேட்டுக்குக் கஞ்சி போட்டு அயன் பண்ணிக் கொடுத்திருந்தார்.

இராயப்பர் தலைவர் என்று தெரிந்தும் நற்செய்திகளை எழுதியவர்கள் அவருடைய குறைகளை மறைக்கவில்லை என்பதுதான் என் பேச்சின் சாரம். நல்ல கருத்துத்தான். ஆனால் குறைகளுக்கு மட்டும் ஒன்பது பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

"இராயப்பர் ஒரு வாய்வீச்சுக்காரர்" என்று தொடங்கினேன். பின்னால் நின்ற பெடியள் சிரித்தார்கள். என் பேச்சு எடுபடுகிறது என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இராயப்பர் தண்ணீரில் நடக்கப் போய்ப் பயத்தில் அமிழ்ந்தார். கோபத்தில் ஒருவனின் காதை வெட்டினார். "இராயப்பர் செய்த சத்தியம் விடியும்வரைகூட நிற்கவில்லை" என்றபோது கோயிலே சிரித்தது. இயேசுவை யாரென்றே தெரியாது என்று அவர் மூன்று தரம் மறுதலித்ததை மூன்று குரலில் நடித்தே காட்டினேன். முன் வாங்கை நான் பார்க்கவில்லை. தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காணும். சுரூபம் வெளிக்கிட வேணும்" என்று இடைமறித்தார் பங்குத்தந்தை.

"ஃபாதர், இன்னும் ரெண்டு பக்கம்தான்."

"காணும் எண்டு சொல்லுறன்."

நிமிர்ந்தேன். முன் வாங்கில் சித்தி தனியே இருந்தார்.

சுரூபம் தூக்க ஆள் குறைந்ததால் என்னைப் போட்டார்கள். நான் ஆள் கட்டை. வழி நெடுக இராயப்பர் என் பக்கமே சரிந்து வந்தார்.

பின்னேரம் சித்தி வீட்டுக்கு வந்தார். அழவில்லை. "அவர் தவறணையிலை குடிச்சுக்கொண்டிருக்கிறார். ஏழு கிழமை, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மிச்சமிருந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சித்தப்பா வள்ளத்தின் நிழலில் தலையைப் பிடித்தபடி இருந்தார். அருகில் உட்கார்ந்து வாசித்தேன். உயிர்த்த இயேசு கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கூப்பிடுகிறார். மறுதலித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன்னில் அன்பிருக்கிறதா என்று இராயப்பரை மூன்று தரம் கேட்டு, தன் மந்தையை அவரிடமே ஒப்படைக்கிறார்.

சித்தப்பா அந்த இரண்டு பக்கத்தையும் விரலால் காட்டினார்.

"உதை ஏன் கடைசியிலை வைச்சனீ?"

"கதை அப்பிடித்தான் போகுது, சித்தப்பா."

"எனக்கு முன்னாலை நிண்டு வாசிக்கேக்கையும் அப்பிடித்தான் போக வேணுமோ?"



அவர் திரும்பவும் கள்ளை விட நான்கு வருடம் எடுத்தது. அதற்குள் தோள்மூட்டு பழுதாகிவிட்டது. இராயப்பரைத் தூக்க அவருக்கு இன்றுவரை கொடுத்துவைக்கவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது இன்னொருவரைக் குறை சொல்லத் தொடங்கினால், "பத்தாம் பக்கத்திலையிருந்து வாசி" என்பார் சித்தி. எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாதான் முதலில் சிரிப்பார். நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பேன்.