கால்பந்துக் கழகமும் என் தொண்டையும்

பொள்ளாச்சி,
சித்திரை 9.

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளை கௌதமனுக்கு, உங்கள் அக்காள் பொற்கொடியின் கணவன் ஐயாசாமி எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்காளும், மகள் யுவஸ்ரீயும், நானும் நலம். என் தொண்டை மட்டும் நலமில்லை. அங்கு நீங்களும் தங்கச்சியும் குழந்தை ஹர்ஷிணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன மாதம் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நீங்கள் ஆபீசில் திறந்ததும், பக்கத்து மேஜைக்காரர் டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் என்ன செய்ய? இருபத்தாறு வருடமாக மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் கூறுகிற வாய் இது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினேன். ஆகவே, ஜூன் மாதம் மாற்றலாகிப் பொள்ளாச்சிக்கு வரும்போது ஹர்ஷிணியைத் தென்கதிர் கால்பந்துக் கழகத்தில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டதற்கு எழுத்திலேயே பதில் சொல்கிறேன். சேர்க்க வேண்டாம். காரணங்களைக் கேளுங்கள்.

யுவஸ்ரீயை அங்கே சேர்த்த முதல் நாள், குழந்தைகளை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவார்கள், தண்டால் எடுக்கவைப்பார்கள், நாலு அதட்டுப் போடுவார்கள் என்று நம்பிப் போய் நின்றேன். அங்கே பதினாறு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி காலிலும் ஒரு பந்து. அதை உருட்டிக்கொண்டே அடுத்தவளைத் தொட வேண்டுமாம். சிரிப்புச் சத்தம் தாங்கவில்லை. பயிற்சியாளர் சாய்ப்ரியா என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது. கல்லூரி அணிக்கு ஆடியவர், முட்டி போனபிறகு பயிற்சி கொடுக்கப் படித்தவர். அவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். “ஏனுங்க மிஸ், இதுக்கா நாங்க சூ வாங்கிக் குடுத்து அனுப்பறமுங்க?” என்றேன். “நிமிந்து பாக்கப் பழகறாங்கங்க. பந்தையே பாத்துட்டிருந்தா பக்கத்துல யாரு வாராங்கன்னு தெரியாதுங்களே,” என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

சந்தேகம் வாராவாரம் வளர்ந்தது. ஒரு வாரம் முழுக்க இடது காலால் மட்டும்தான் ஆட வேண்டும் என்றார்கள். வலது கால் என்ன பாவம் செய்தது என்று கேட்டால் பதிலாக ஒரு சிரிப்பு. உங்கள் மருமகள் ஓர் ஆட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டாள். போட்ட பிள்ளையைத் தூக்கி முன்னால் நிறுத்தாமல், அடுத்த வாரம் கோல்கீப்பராக நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடிப் பார்க்க வேண்டுமாம், எல்லாரும் ஒரே அளவு நேரம் ஆட வேண்டுமாம். ஏழுக்கு ஒன்று என்று தோற்ற அன்றைக்கு அந்த மிஸ் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஆரஞ்சுச் சுளை கொடுத்து, “இன்னைக்குப் புதுசா என்ன செஞ்சு பாத்தீங்க?” என்று கேட்டார். தோற்றவர்களுக்கு ஆரஞ்சு! ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. சரி, அவர் செய்யாத வேலையை நாம்தான் செய்தாக வேண்டும் என்று கோட்டுக்கு வெளியே நின்றபடி நானே ஆரம்பித்தேன்.

என் குரல் உங்களுக்குத் தெரியும். “வலது பக்கம் போ! பந்த அக்கட்டால தாட்டி உடு! ஓடு, ஓடு, ஒருதரம், ரெண்டுதரம்!” என்று என்னை அறியாமல் தொழில் வார்த்தையும் கலந்து வந்துவிட்டது. அந்தப் பக்கமாக நடந்துபோன வாழைக்காய் வியாபாரி கந்தப்பன் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். எதிர் அணிப் பிள்ளைகளும் நான் சொன்ன திசைக்கே ஓடினார்கள். அது போகட்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பந்து எங்கள் கோலுக்கு முன்னால் ஆடி அசைந்து வந்தது. யுவஸ்ரீ பக்கத்திலேயே நிற்கிறாள். ஓங்கி ஓர் உதை விட்டால் தீர்ந்தது. நான் அடிவயிற்றிலிருந்து, “உடு கண்ணு, உடு!” என்று கத்தினேன். மாப்பிள்ளை, உதையை விடு என்றுதான் நான் சொன்னது. என் மகள் பந்தை விடச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, காலை மரியாதையாகத் தூக்கி வழிவிட்டாள். பந்து விருந்தாளி மாதிரி கோலுக்குள் போய் உட்கார்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் அந்த மிஸ் குழந்தையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்தப் பந்து வாரப்ப நீ எதைப் பாத்துட்டிருந்தே யுவா?”

“எங்கப்பாவப் பாத்துட்டிருந்தனுங்க மிஸ்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் பெற்றோர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கமர்கட்டு கொடுத்தார்கள். வெல்லப்பாகு தேங்காயோடு சேர்ந்து கல்லாக இறுகிய உருண்டை. வாயில் போட்டால் அரைமணி நேரத்துக்கு வாய் நமக்குச் சொந்தமில்லை. இது உபசாரம் என்று நினைத்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். முப்பது தகப்பன் தாய்மாரும் கன்னம் வீங்கி ஊமையாக நிற்கிறார்கள். அவசரத்தில் கடித்துத் துப்பலாம் என்று பார்த்தேன். போன தையில் கட்டிய பல்லின் மேல்தொப்பி கழன்று கமர்கட்டோடு போய்விட்டது. வலியில் நான் போட்ட ஓலத்தைக் கேட்டு நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் யுவஸ்ரீ வாசற்படியில் உட்கார்ந்து சூவிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அப்பா, அடுத்த வாரம் நீங்க வர வேண்டாங்கப்பா.”

“ஏன் சாமி?”

“நீங்க வந்தா எனக்குப் பந்தே தெரிய மாட்டேங்குது. உங்க வாய்தான் தெரியுது.”

பதினோரு வயதுப் பிள்ளை பெற்ற தகப்பனிடம் சொல்கிற பேச்சா இது? உங்கள் அக்காள் உள்ளேயிருந்து, “அவ சொல்றது ஞாயந்தானுங்களே,” என்று ஒத்து ஊதினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிற கழகம் நமக்கு எதற்கு என்று முடிவு செய்து, அடுத்த சனிக்கிழமையே அவளைப் பேருந்தில் ஏற்றிப் போத்தனூர்ப் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே புலிப்பாய்ச்சல் ஃபுட்பால் அகாடமி என்று ஒன்று நடக்கிறது. வாசலில் இரண்டு ஆள் உயர பிளெக்ஸ். அதில் மாஸ்டர் கைகட்டி நிற்க, பின்னால் ஒரு விமானம் பறக்கிறது. ‘ஆறே மாதத்தில் ஐரோப்பா’ என்று எழுதியிருந்தது. என் மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே பிள்ளைகள் வரிசையாக நின்று தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாஸ்டர் யுவஸ்ரீயின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு வருசம் கொறைச்சுக்கலாமுங்க. நம்மளுக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. சின்னப் புள்ளைகளோட ஆடுனா சுளுவா கப்பு வாங்கிப்போடலாமுங்க,” என்றார். நான் பேசுவதற்குள் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியின் கோல்கீப்பர் வந்து பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ஆமாம், நிறுத்தினார் என்று மரியாதையாகத்தான் எழுத வேண்டும், மீசை அப்படி.

பிறகு பயிற்சி. மாப்பிள்ளை, எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் தொழில் புத்தி. எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் என் மகள் காலில் பந்து பட்டது நாலே முறை. மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்றாள், அல்லது மாஸ்டரின் விசிலைப் பார்த்தபடி நின்றாள். நாலாவது முறை பந்து வந்தபோது இடது காலால் மெல்ல இழுத்துத் திரும்பினாள். அழகான திருப்பம். மாஸ்டர் அங்கிருந்தே ஓடிவந்தார். “எவ சொல்லிக் குடுத்தா உனக்கு? நான் சொல்றதத்தான் செய்யோணும்! உன்ற மூளைய ஊட்லயே வெச்சுட்டு வா!” என்று அவள் முகத்துக்கு நேராகக் கத்தினார். யுவஸ்ரீ நின்ற இடத்திலேயே நின்றாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தது. அந்தத் தோளை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். எங்கே என்று நினைவு வந்தது: தென்கதிர் மைதானத்தில், கோட்டுக்கு வெளியே நான் நின்று கத்திய நாட்களில்.

நான் உள்ளே இறங்கினேன். “ஏனுங்க, யார்ற புள்ளைய யாரு கத்தறது?” என்றேன். அவரும் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். தொண்டைப் போட்டியில் ஏலக்காரனை யார் ஜெயிக்க முடியும்? அவர் விசிலை எடுத்து ஊதினார். விசிலையும் மீறிக் கேட்டது என் குரல். ஜெயித்துவிட்டுச் சான்றிதழையும் பிள்ளையையும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். அன்று கட்டிக்கொண்ட தொண்டைதான் இன்னும் சரியாகவில்லை.

பேருந்து கிணத்துக்கடவைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடி வந்த யுவஸ்ரீ கோபமே இல்லாமல் சொன்னாள். “அந்த மாஸ்டரு உங்களாட்டவேதாங்கப்பா கத்தறாரு.”

மாப்பிள்ளை, பொள்ளாச்சி பேருந்து நிலையம் வந்தது. இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

மறுவாரம் தென்கதிருக்கே திரும்பிப் போனோம். ஒரு வாரம் எங்கே போனீர்கள் என்று அந்த மிஸ் கேட்பார், நான் காய்ச்சல் என்று சொல்லலாம் என யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. “வா யுவா, பந்து அங்க இருக்குது, எடுத்துக்க,” என்று அவளை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அண்ணா, சித்த இருங்க. உங்களுக்கு ஒரு வேலை இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை ஆட்டத்துல யுவா எத்தனை தடவ தலை நிமிந்து பாக்கறான்னு எண்ணிச் சொல்லோணும். பந்து வாரதுக்கு முன்னால பாத்தாத்தான் கணக்கு.” நான் யுவஸ்ரீயைப் பார்த்தேன். பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றவள், “சத்தமில்லாமத்தான் எண்ணோணும்,” என்றாள்.

உடுமலை அணியோடு ஆட்டம். கையில் நோட்டு, வாயில் கமர்கட்டு. பத்தொன்பது வரை எண்ணியிருப்பேன். எங்கள் கோலுக்குப் பக்கத்தில் யுவஸ்ரீயிடம் பந்து வந்தது. உடுமலைப் பிள்ளைகள் இரண்டு பேர் பாய்ந்து வருகிறார்கள். ஓங்கி உதைத்துத் தள்ளியிருக்கலாம். இவள் இடது பக்கம் திரும்பப் பார்த்தாள், பறிகொடுத்தாள், கோல் விழுந்தது. எனக்கு நெஞ்சுக்குள்ளே ஒரு மார்க்கெட்டே கத்தியது. அந்த மிஸ்ஸோ கைதட்டி, “நல்லா பாத்தே யுவா! மறுக்கா செஞ்சு பாரு,” என்கிறார். பாதி ஆட்டம் கழித்து அதே இடம், அதே இரண்டு பிள்ளைகள். யுவஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். என் பக்கம் இல்லை, மைதானத்தைப் பார்த்தாள். முப்பத்து மூன்று. இடது காலால் பந்தை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவே நழுவி வெளியே வந்து, தூரத்தில் ஓடிய லாஸ்யா என்ற பிள்ளைக்கு நீட்டிவிட்டாள். லாஸ்யா அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது. போனால் போகிறது! நான் கமர்கட்டை முழுதாக விழுங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற, இன்னொரு பிள்ளையின் தகப்பன் இல்யாஸ் பாய் என் முதுகில் நாலு குத்துக் குத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

ஆட்டம் முடிந்து ஓடிவந்தாள். “அப்பா, பாத்தீங்களா?”

“பாத்தேன் கண்ணு. மொத்தம் நாப்பத்தொண்ணு.”

நோட்டை வாங்கிக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். “அடுத்த வாரமும் வந்து எண்ணுங்கப்பா,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அக்காள், “யாருங்க ஜெயிச்சது?” என்று கேட்டாள். நான் யுவஸ்ரீயைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஒரு தார் எத்தனைக்குப் போனது என்று பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் சொல்லுகிறவன், கண்ணெதிரே நடந்த ஆட்டத்தில் எத்தனை கோல் என்று தெரியாமல் வீடு திரும்பும்படி ஆக்கிவிட்டார்கள். கோப்பை இல்லை, அதட்டல் இல்லை, தகப்பனுக்குப் பல்லும் இல்லை. ஆகையால் நன்றாக யோசித்துச் சொல்கிறேன்: ஹர்ஷிணியை இங்கே சேர்க்க வேண்டாம். பாட்டு வகுப்பு ஏதாவது பாருங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. ஹர்ஷிணிக்கு யுவஸ்ரீயின் முத்தங்கள். மாற்றல் உத்தரவு நல்லபடியாகக் கைக்கு வந்து, சாமான்கள் ஒன்றும் உடையாமல் நீங்கள் எல்லாரும் நம் ஊர் வந்துசேர மாசாணியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
ஐயாசாமி.

பின்குறிப்பு: எட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டே இடம்தான் மீதி இருந்தது. ஆறப்போட்டால் போய்விடும் என்று, போன செவ்வாய்க்கிழமையே ஹர்ஷிணியின் பெயரைப் பதிந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ‘குழந்தைக்கு எந்த விளையாட்டு பிடிக்கும், ஏன்’ என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை. அதை நீங்களும் நிரப்பிவிட வேண்டாம். பென்சிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் உட்காருங்கள்.