ரோஜா ஏறாத ஏழு படிகள்

சிவகாசியில் அச்சகம் நடத்தும் சம்பந்தி பத்திரகாளி இருந்தார். வீட்டுக்கு வரைபடம் போட்ட பொறியாளர் பியூலா இருந்தார். இல்லத்தரசி முத்துமாரியம்மாள் பட்டுச்சேலையில் இருந்தார். விருதுநகரிலிருந்து வந்த வீட்டுக்காரரின் அக்கா செல்லத்தாய் தம் சக்கர நாற்காலியில் இருந்தார். மந்திரம் சொல்ல ஐயர் இருந்தார். பாண்டிமுருகனும், அவன் பிடித்துவந்த ரோஜா என்னும் பசுவும், அதன் கன்றும் இருந்தனர். பந்தி எப்போது என்று கேட்டபடி ஊரே இருந்தது. இத்தனை சாட்சிகளின் முன் ஆமத்தூரில் நிகழ்ந்த பால்காய்ப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுவதால், குடும்ப மானம் கருதி, நடந்தது நடந்தபடி இங்கே எழுதப்படுகிறது.

வாழ்க வெள்ளைத்துரை! மிளகாய் வத்தல் மண்டியின் மன்னவன். மூடை மூடையாகப் பிரித்துக் கொட்டினாலும் ஒரு தும்மல் தும்மாத இரும்பு மூக்கன். சம்பந்தி வீட்டுப் பேஸ்மட்டம் மூன்றடி என்று கேள்வியுற்ற அன்றே தன் வீட்டுக்கு நாலடி என்று சூளுரைத்து, கிராவல் லாரிகள் யானைப்படையெனத் திரண்டு வர, மண்ணை மலையாக்கி, மலைமேல் வீட்டை ஏற்றி, ஏழு கருங்கல் படிகளை வாயிற்காவலராய் நிறுத்திய தீரன்!

அந்த நாலடிக்கு எதிராக முன்பே ஒரு குரல் எழுந்ததுண்டு. பியூலா தம் வரைபடத்தில் ஒரு சாய்தளம் வரைந்திருந்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில், முன்வாசலை வளைத்து மடங்கி நாற்பத்தெட்டு அடி நீண்டு கிடந்தது அந்தக் கான்கிரீட் நாகம். அது தன் கார் நிற்கும் இடத்தை விழுங்கிவிடும் என்று கண்ட வேந்தன் கண் சிவந்தான்.

“இதைச் சட்டம் கேக்குதாம்மா?”

“பொதுக் கட்டடத்துக்குத்தான் கட்டாயம் அண்ணாச்சி. சொந்த வீட்டுக்குக் கேக்காது. ஆனா செல்லத்தாய் அக்கா வருவாகள்ல?”

“சட்டமே கேக்காதப்ப நீங்க ஏன் கேக்கீக? அக்காவை நாங்க தூக்கிக்கிருவோம்!” என்று முழங்கிய வேந்தன், சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை வாளென உருவி, நாகத்தை ஒரே கோட்டில் வெட்டி வீழ்த்தினான்.

வந்தது முகூர்த்த நாள். எங்கள் குடும்பத்து முறை இது: முதலில் பசு உள்ளே போக வேண்டும், பின்பு வீட்டார் போக வேண்டும், அதன்பின் கூடப்பிறந்தவள் கையால் பால் பொங்க வேண்டும். செல்லத்தாய் உள்ளே போகாமல் அந்த வீட்டில் பால் பொங்காது.

தோள்வலி மிக்க உறவினர் நால்வர் வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலியைச் சூழ்ந்தனர். செல்லத்தாய் பிரேக்கைப் போட்டார். ‘கடக்’ என்ற அவ்வொலி கேட்டு, நாதஸ்வரம் ஒருகணம் மூச்சடங்கியது.

“ஏலே வெள்ளை! நான் என்ன வத்தல் மூடையா, நாலு பேரு தூக்கி உள்ள அடுக்க? ஒன்னய இடுப்புல சொமந்தவ நான். நானா போக வழி இருந்தா வாரேன். இல்லைன்னா பாலை நீயே காய்ச்சிக்கோ.”

கோட்டையின் ஒரு முனை அடைபட்டது கண்ட வேந்தன், அதைப் பிறகு பார்க்கலாம் என்று படையைப் பசுவின் பக்கம் திருப்பினான். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் செவ்வந்தி மாலையும் பொலிய நின்ற ரோஜா, முதற்படியை முகர்ந்தது. ஏழாம் படியை ஏறிட்டது. பின்பு கண்ணை மூடிக்கொண்டு மாலையைத் தின்னத் தொடங்கியது. பாண்டிமுருகன் கயிற்றை இழுக்க, நால்வரும் விலாப்புறம் தள்ள, வேந்தனே பின்னணியில் நின்று, குன்றைப் பெயர்க்கும் பூதமென இரு கைகளையும் ஊன்றி உந்த, ரோஜா வாலை உயர்த்தியது. பட்டுவேட்டியின் சரிகைக்கரை அக்கணமே பச்சைக்கரை ஆனது.

“எங்க வீட்டுல மூணடிதான் சம்பந்தி. மாடு சிட்டா ஏறிருச்சு” என்றார் பத்திரகாளி, யாரும் கேட்காமலே.

“படியேறிப் பழக்கமில்ல அண்ணாச்சி. சரிவா இருந்தா சல்லுனு போயிரும்” என்றான் பாண்டிமுருகன்.

“சரிவுதான? கோமாதாவுக்கு இல்லாத சரிவா! மண்ணை அள்ளிக் கொட்டுங்கலே! காரு நிக்காட்டாப் போகுது!” என்று இடியென முழங்கினான் வெள்ளைத்துரை.

வில்லை விட்ட அம்பு எய்தவன் மார்பிலேயே தைத்த கதை அன்று ஆமத்தூரில் நடந்தது. பியூலா தரையைப் பார்த்தார். செல்லத்தாய் பிரேக்கை எடுத்தார்.

“மாட்டுக்குன்னா காரு நிக்காட்டாப் போகுதாம்” என்றார். “சரிலே.” நாற்காலி வெளிவாசல் பக்கம் திரும்பியது.

நல்ல நேரம் கழிந்தது. புதுப்பானையில் பால் பச்சையாகவே கிடந்தது. “சாணியோட நிக்காம, போயி அக்கா முன்னால நில்லுங்க” என்றார் முத்துமாரியம்மாள். நாலடி உயர்ந்த வேந்தன் ஏழு படியையும் முதுகுக்குப் பின் விட்டு ஓடி, தெருவாசலில் நாற்காலிக்கு முன் நின்றான்.

“அடுத்த முகூர்த்தத்துக்கு வாக்கா. நீயாவே ஏறலாம்.”

“காரு?”

“ரோட்டுல நிக்கட்டும்.”

“கட்டு. பெறகு பாப்போம்” என்று சொல்லிப் போனார் அவர்.

வெட்டுண்ட நாகம் உயிர்த்தெழுந்து முன்வாசலெங்கும் படம் விரித்தது. அடுத்த முகூர்த்தத்தில், இரு சக்கரமும் தேர்ச்சக்கரமெனச் சுழல, வளைவில் ஒருகணம் நின்று மூச்சு வாங்கி, உதவ நீண்ட கைகளை ஒரே பார்வையில் மடக்கி, செல்லத்தாய் தாமே ஏறினார். வேந்தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காலாட்படையாய்ப் பின்னே நடந்தான். பால் பொங்கிற்று, அடுப்பும் அணைந்தது.

இதன்பின், அந்தச் சாய்தளம் மாடு ஏறுவதற்காகக் கட்டப்பட்டது என்று ஆமத்தூர் முதல் சிவகாசி வரை ஒரு பேச்சு உலவுகிறது. இரண்டாம் பால்காய்ப்புக்கு நாங்கள் மாட்டைக் கூப்பிடவே இல்லை.